கட்டிலுக்கடியில் இருந்த வீடு

ஈரத் தரையில் சன்னல் வெயில் பளபளக்கிறது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பேருந்து ஓட்டுநர் இரண்டு அறைகளையும் மளமளவென்று கூட்டித் துடைத்து முடித்திருக்கிறார். பள்ளி விட்டு வந்த மகள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கிறாள். “அப்பா, இங்க தீப்பெட்டியில ஒரு வீடு கட்டியிருந்தேனே, சன்னல்கூட வெட்டி?” தெருமுனையில் குப்பை வண்டியின் மணிச்சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. மாப்புக் கட்டையோடு அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். “குப்பைன்னு நெனச்சுட்டேம்மா... வேற கட்டலாம், அப்பாவும் கூட உக்காருறேன்.” “பரவால்லப்பா.” அவள் அழவில்லை. தோளிலிருந்து புத்தகப்பையைக் கழற்றியவள், எப்போதும்போல் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளாமல், தரையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். “இத எங்க வைக்கட்டும்பா?”