பள்ளிக்கூடம் தந்த வயது

"முப்பத்தெட்டுதானே மேடம்? அப்படின்னா முதல் டெஸ்டே போதும். ஒரு ஸ்கேன், கொஞ்சம் ரத்தம். அதோட உங்க வயசையும் சேர்த்து கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடும். குழந்தைக்கு மரபணுக் குறை வர வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லிடும்" என்றாள், மருத்துவமனையின் ஆலோசகப் பெண்.

"நாப்பது தாண்டினவங்களுக்கு?" என்று கேட்டான் கணவன்.

"அவங்களுக்கு வேற டெஸ்ட் சார். அம்மாவோட ரத்தத்துலயே குழந்தையோட மரபணுவைத் தேடிப் பாக்கறது. இன்னும் துல்லியமா இருக்கும். உங்களுக்கு அது அவசியமில்ல."

"பரவால்லீங்க. அதையே பண்ணிடுங்க."

மனைவி மேஜைக்கடியில் அவன் தொடையைக் கிள்ளினாள். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். எட்டுப் பேர் ஏறுகிற லிஃப்டுக்கு எண்பது பேரைத் தாங்கும் கம்பி வடம் போடுகிற கூட்டம். வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கே அவன் மூன்று முடிச்சுப் போடுவான்.

"சும்மா இருங்க. அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்!"

"ஒரு வயசு மூத்தவன் சொல்றேன், கேளேன்."

கல்யாணமான ஒன்பது வருஷமாக இதே பாட்டுத்தான். சாவி தொலைந்தாலும் சரி, பால் பொங்கி வழிந்தாலும் சரி, 'ஒரு வயசு மூத்தவன்' என்று ஆரம்பித்துவிடுவான். அவள் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் பகீரென்னும். மூத்தவன் என்ன மூத்தவன்! அவனுக்கு முப்பத்தொன்பது. அவளுக்கு நிஜத்தில் நாற்பத்தொன்று.

அப்பா பாலம் கட்டும் வேலையில் ஊர் ஊராகப் போனவர். ஆற்றங்கரைத் தகரக் கொட்டகையில் பிறந்தவளுக்குப் பிறப்புச் சான்றிதழாவது ஒன்றாவது! ஒரு வழியாக ஓரிடத்தில் நிலைத்து, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது அவளுக்கு எட்டு வயது. அம்மா கூசாமல் 'அஞ்சு' என்றாள். தலைக்கு மேலாகக் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். கை காதையும் தாண்டித் தாடைக்கு வந்துவிட்டது. "அஞ்சு வயசா இது?" என்றார். "அவங்கப்பாவைப் பாத்தீங்கன்னா இப்படிக் கேக்க மாட்டீங்க" என்றாள் அம்மா. வெளியே வந்ததும் இருவரும் வாசல் மரத்தடியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது.

அன்றிலிருந்து காகிதங்களில் ஒரு பிறந்தநாள், அடுப்படியில் ஒரு பிறந்தநாள். நிஜப் பிறந்தநாளில் அம்மா யாருக்கும் தெரியாமல் அவள் வாயில் ஒரு பிடி சர்க்கரையை அள்ளிப் போடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போவாள். அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது அந்தத் தேதி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணம் நிச்சயமானபோதே அவனிடம் சொல்லிவிடத்தான் துடித்தாள். அம்மாதான் வாயைப் பொத்தினாள். "பொண்ணு ரெண்டு வயசு பெரியவள்னு தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும்டி. காகிதத்துல இருக்கறதுதான் உன் வயசு."

இப்போது என்ன செய்வது? அவன் பிடிவாதத்துக்கே தலையாட்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது.

"சரிங்க, இவர் சொல்ற டெஸ்டையே எடுத்துடலாம்."

"தாராளமா. எதை எடுத்தாலும் ரிசல்ட்டை வயசோட சேர்த்துத்தான் மேடம் பாப்போம். முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கேன். எல்லாம் உண்மைன்னு கீழ ஒரு கையெழுத்து."

"வயசு முன்னப்பின்ன இருந்தா...?"

"கணக்கும் முன்னப்பின்னதான் வரும். இல்லாத தைரியத்தைக் குடுத்துடும்."

பேனாவை வாங்கினாள். ஒன்பது வருஷம் கழித்து வயிற்றில் வந்த பிள்ளை. அதன் முதல் காகிதத்திலேயே பொய்யா? சொன்னால் இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது? இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக்கொண்டே ஏமாற்றினாயே என்று கேட்டுவிட்டால்?

"எனக்கு நாப்பத்தொண்ணு" என்றாள்.

அவன் பக்கம் திரும்பவே இல்லை. பாலம், பள்ளிக்கூடம், அம்மா என்று ஆலோசகப் பெண்ணைப் பார்த்தே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கடைசியில், தலை நிமிராமலே கணவனிடம் சொன்னாள். "உங்களை ஏமாத்திட்டேங்க... என்னை மன்னிச்சிடுங்க."

ஆலோசகப் பெண் சங்கடத்தோடு முப்பத்தெட்டை அடித்துவிட்டு, நாற்பத்தொன்று என்று எழுதினாள்.

"பிரசவத்தப்ப இருக்கற வயசைத்தானே கணக்குல எடுப்பீங்க?" என்று மெல்லக் கேட்டான் கணவன். "அப்ப நாப்பத்திரண்டுன்னு போடுங்க. வர்ற மாசம் எட்டாம் தேதி இவளுக்குப் பொறந்தநாள்."

அவள் விருட்டென்று திரும்பினாள்.

"என்ன பாக்கற? கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி, நான் ரிப்பேருக்காக லிஃப்டை நிறுத்தி வச்சிருந்த கட்டடத்துல, ஏழு மாடி படியேறி மூச்சு வாங்க வந்து அத்தை சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவளா சொல்ற வரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க மாப்பிள்ளைன்னாங்க. நீ இவ்வளவு அழுத்தக்காரின்னு எனக்கு அப்பத் தெரியாமப் போச்சு!"