எல்லைக் கோட்டுக்கு முன் ஒரு விருந்து

அறையில் இருப்பவர்கள் மூவர்: முதல் உலகப் போர் முடிந்தபின் ஹங்கேரியின் புது எல்லையைக் குறிக்க வந்த ஆங்கிலேயக் கர்னல் ஹார்விச், பிரெஞ்சு மேஜர் துப்ரே, விருந்து வைத்த வீட்டுக்காரப் பெரியவர் ஓடோன் கெரெஷ். வரைபடத்தின் மேல் வெயில் விழுகிறது. தன் உப்பைத் தின்றவர்கள் குடும்பக் கல்லறையை அடுத்த நாட்டுக்குத் தள்ளமாட்டார்கள் என்று நம்பிப் பெரியவர் நிமிர்ந்தே நிற்கிறார். கொழுப்பு படிந்த விரலால் கர்னல் வரைபடத்தில் ஆற்றைத் தடவுகிறார். “வாத்துக்கறி பிரமாதம், பெரியவரே! ஆனா கல்லறை அந்தப் பக்கம்தான்.” “என் பையன் அங்க படுத்திருக்கான், கர்னல்.” “படுத்திருக்கட்டுமே! அவனுக்கா பாஸ்போர்ட் வேணும்? உமக்குத்தான் வேணும்” என்கிறார் மேஜர். இருவரும் சிரிக்கிறார்கள்.

பெரியவர் அவர்கள் காலில் விழுந்தார் என்று ஊரில் பேசுகிறார்கள். விழவில்லை. விருந்தாளியின் பென்சில் உருண்டு விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தார். அதை வைத்துத்தான் கோடு போட்டார்கள்.