டெக்லன் என்று தட்டினால்

“நான் சொல்றதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் சொல்லிடக் கூடாதுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது!”

டெக்லன் மேசைமேல் குனிந்து கெஞ்சினான். அயர்லாந்தின் கால்வே நகர நூலகத்தில் புதன்தோறும் நடக்கும் இலவச இணைய உரிமை ஆலோசனை மேசை அது. எதிரே, வருகிறவர்களுக்காகக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதித் தரும் நூலா. பக்கத்தில், உதவிக்கென்று புதிதாகச் சேர்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஃபின்டன்.

இருபது வருடத்துக்கு முன், வேறொரு ஊரில், குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஆறு வயதுப் பையன் ஒருவனைக் கொன்றவன் டெக்லன். சிறைக்குப் போனான், வந்தான். அதன்பின் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனாலும் தேடுபொறியில் அவன் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது அந்தச் செய்திதான். இப்போது அவன் மகளுக்கு ஒன்பது வயது. எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிறாள்.

“கொஞ்சம் வளரட்டும், நானே உக்கார வச்சுச் சொல்லிடறேன். அதுவரைக்கும் அதை எடுங்கன்னு கேட்டேன், தேடுபொறிக் கம்பெனிக்காரன் முடியாதுன்னுட்டான்.”

“அவன் யாரு முடியாதுங்கறதுக்கு? பழசை எடுக்கச் சொல்ல ஐரோப்பாவுல சட்டம் இருக்கு,” என்றாள் நூலா. “முதல்ல டீயைக் குடிங்க.”

அவன் போனதும் ஃபின்டன் பொரிந்து தள்ளினார்.

“இவனுக்குப் போய் மாஞ்சு மாஞ்சு நாலு பக்கம் எழுதறியே, நூலா!”

“சட்டம் நல்லவங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கா, ஃபின்டன்?”

ஏழாவது வாரம் கம்பெனி பணிந்தது. டெக்லன் ஓடி வந்து நூலாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதுவிட்டுப் போனான். ஃபின்டனுக்கே மனசு இளகிவிட்டது. உலகத்தையே விலை பேசும் கம்பெனியை ஒற்றைக் கடிதத்தில் மடக்கிவிட்டாளே, என்ன பெண்பிள்ளை இவள்!

“கெட்டிக்காரிதான் நீ, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பையன் செய்தியே இல்லாமப் போச்சே. அவங்க வீட்டுல தேடினா?”

“செய்தி எங்கேயும் போகல. டெக்லன் பேரைத் தட்டினா வராது, அவ்வளவுதான். இதைத் தட்டினா வரும்.”

நூலா ‘ரோனன்’ என்று ஆரம்பித்து ஒரு முழுப்பெயரைத் தட்டினாள். பழைய செய்தி அப்படியே வந்தது. அதன் படத்தில் முன்பல் இரண்டும் விழுந்த பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“முழுப்பேரும் ஞாபகம் வச்சிருக்கியே!”

“நான் வச்ச பேராச்சே, ஃபின்டன்,” என்றாள் நூலா.