பெயர் சொன்னால்தான் திறப்பேன் என்ற பீரோ

பீரோவும் கப்போர்டும் ஒன்றுதான் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது முறையல்ல. சொந்தக் காலில் நிற்பது பீரோ. சுவரோடு பிறந்தது கப்போர்டு.

கூடத்துப் பீரோவுக்கு இது தெரியும். வீட்டுக்காரி சுகந்திக்குத் தெரியவில்லை. "பட்டுப்புடவை கப்போர்டுலதான் இருக்கு" என்று அவள் போனில் சொன்னதும் பீரோ கொதித்துப்போனது.

"கேட்டியாடா? புளி டப்பா சுமக்கிற உனக்கும் எனக்கும் ஒரே பேராம்! எனக்குக் கண்ணாடி இருக்கு, உள்ளே லாக்கர் இருக்கு!"

"என்னை ஷெல்ஃபுன்னுகூடக் கூப்பிடுறாங்க அண்ணே" என்றது சமையலறைக் கப்போர்டு. "எப்படிக் கூப்பிட்டாலும் திறந்துடுவேன்."

"மானங்கெட்டவனே! பீரோன்னு வாய் நிறையக் கூப்பிடுற வரைக்கும் நான் திறக்க மாட்டேன்."

மறுநாள் சுகந்தியின் தம்பிக்குக் கல்யாணம். சாவி சுற்றியது, கைப்பிடி அசையவில்லை. அவள் எண்ணெய் விட்டாள், குத்தினாள், கெஞ்சினாள். "இந்தக் கப்போர்டுக்கு என்ன கேடு வந்தது?" என்று கத்தினாள். பீரோ இன்னும் இறுக்கிக்கொண்டது. முகூர்த்தம் நெருங்கவே, அவள் கணவன் கடப்பாரையால் நெம்பித் திறந்தான்.

பூட்டுப் போன பீரோவைப் பின்கட்டுக்கு நகர்த்தினார்கள். இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது.