வழுக்கைத் தலை வந்ததும் இடதுபக்கம்

"மருந்துக் கடையில ஒரு வழுக்கைத் தலை உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் இடதுபக்கம் திரும்பு."

தான் எழுதியதைத் தானே உரக்கப் படித்துவிட்டு, பெருமையாக மனைவியைப் பார்த்தார் சலூன்காரர்.

"அந்த மனுஷன் சாப்பிடப் போயிட்டா?" என்றாள் அவள்.

"போகமாட்டார்."

"ஏன், அவருக்குப் பசிக்காதா? தெருப் பேரை எழுதுங்களேன்."

"தெருப் பேரெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிஞ்சது தலைதான்."

வாஸ்தவம். படி இறங்கினால் கடை, படி ஏறினால் வீடு. ஊரிலுள்ள தலையெல்லாம் அவரைத் தேடி வரும். அவர் எங்கேயும் போவதில்லை.

விஷயம் இதுதான். அவருடைய பால்ய சிநேகிதர் 'நெட்டை' வெளிநாட்டிலிருந்து வருகிறார். மனைவி இறந்தபிறகு அங்கே தனியாக இருப்பவர். ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து மகள், "உங்களைத் தனியா விட முடியாதுப்பா, முதியோர் இல்லத்துல சேர்த்துடறேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

நெட்டைக்கு ரோஷம் வந்துவிட்டது. "விமான நிலையத்துலேர்ந்து என் சிநேகிதன் வீட்டுக்கு, நானே பஸ் பிடிச்சு, யார் துணையும் இல்லாம போய்க் காட்டறேன். போயிட்டா என்னை என் வீட்டுலயே விட்டுடணும். சரியா?"

மகளும் சரி என்றுவிட்டாள்.

"டேய், நீ மட்டும் என்னைக் கூப்பிட வந்தே, ஆயுசுக்கும் உன்கூடப் பேசமாட்டேன். வழியை மட்டும் எழுதி அனுப்பு" என்று சலூன்காரருக்குப் போனில் மிரட்டல் வேறு.

"அவர் ஆயிரம் சொல்வார். வயசானவரை அந்தக் கூட்டத்துல தனியா விடலாமா? போய்க் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள் மனைவி.

"வாக்குக் கொடுத்துட்டேன்."

"பெரிய வாக்கு! சரி, வழியையாவது ஒழுங்கா எழுதுங்க. இது என்ன கண்றாவி? 'சுருட்டை முடிக்காரர் பழக்கடையைத் தாண்டு. மீசைக்கு மட்டும் சாயம் போட்டவர் வாசல்ல நிப்பார். அவர்கிட்ட பேச்சுக் கொடுக்காதே, விடமாட்டார்'..."

"உண்மைதானே?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் பஸ் நம்பர், இறங்கும் இடம், தெருப் பேர் எல்லாம் அவளே ஓரத்தில் எழுதினாள். அவர் அதைப் படம் பிடித்து அனுப்பினார். அனுப்பினாரே தவிர, அவள் எழுதியதைப் படிக்கவில்லை.

அந்த நாளும் வந்தது.

"கடையில வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று காலையிலேயே இறங்கிப் போனார் சலூன்காரர்.

மத்தியானம் அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், கடை பூட்டிக் கிடக்கிறது! போன் அடித்தால் எடுக்கவில்லை.

"அடப்பாவி மனுஷா! சிநேகிதர் எங்கே வழி தெரியாம தட்டழிஞ்சுக்கிட்டு நிக்கறாரோ, இவர் சீட்டாடப் போயிட்டாரே! வரட்டும், வெச்சுக்கறேன்!"

வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்து நடந்து அவளுக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். திறந்தால், கையில் பையும் முகமெல்லாம் சிரிப்புமாக நெட்டை!

"தங்கச்சி! வந்துட்டேன் பாத்தியா!"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நெட்டை உட்காரக்கூட இல்லை. உடனே மகளை வீடியோ காலில் கூப்பிட்டு, வீட்டையும் சிநேகிதர் மனைவியையும் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

மகள், "சரிப்பா. உங்க வீட்டுலயே இருங்க. அடுப்பை மட்டும் அணைச்சுத் தொலைங்க" என்றாள்.

நெட்டை சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குதி குதித்தார்.

"இந்தச் சந்தோஷத்தைப் பார்க்க உங்க சிநேகிதருக்குக் கொடுத்துவைக்கல அண்ணே. கடையைப் பூட்டிட்டு எங்கேயோ ஊர் சுத்தப் போயிட்டார்" என்று அவள் பொரிந்து தள்ளிக்கொண்டிருக்கும்போதே, படியில் தடதடவென்று சத்தம்.

மூச்சிரைக்க உள்ளே வந்தார் சலூன்காரர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கக்கத்தில் ஒரு பொய்முடி. மேலுதட்டில் ஒட்டுமீசையின் ஒரு பாதி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய் நெட்டை! எப்படா வந்தே? நான் பாரு, கடையில வேலையில மூழ்கிட்டேன், நேரம் போனதே தெரியல!"

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வாக்கையும் காப்பாற்றி, சிநேகிதனையும் காப்பாற்ற, மாறுவேஷம் போட்டு வழிநெடுகப் பின்னாலேயே வந்திருக்கிறார் மனுஷன்! காலையிலிருந்து சேர்த்துவைத்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"போய் முதல்ல முகத்தைக் கழுவுங்க. மேலுதட்டை நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க" என்று அவரை உள்ளே தள்ளிவிட்டாள்.

நெட்டை கவனித்திருப்பாரோ என்று பயந்து திரும்பினாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட மூச்சு விட்டுடாதே தங்கச்சி, பாவம், மனசு உடைஞ்சு போயிடுவான். விமான நிலைய வாசல்லயே பார்த்துட்டேன். என் தலை மாதிரியே இருந்த வேற எவன் பின்னாடியோ போய், எதிர்ப்பக்கம் போற பஸ்ல ஏறிட்டான்! நானும் பையைத் தூக்கிக்கிட்டு ஓடி அதே பஸ்ல ஏறி, 'ஐயையோ, தப்பான பஸ்ஸாச்சே'ன்னு கத்தி, அவனையும் இறங்க வெச்சேன். அப்புறம் அவன் ஏறினானா, இறங்கினானான்னு ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் திரும்பித் திரும்பிப் பார்த்து, தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டுத்தான் மாடி ஏறினேன். நான் வர்றது ஒண்ணும் பெருசா இல்ல, தங்கச்சி. இவனைத் தொலைக்காம வீடு கொண்டுவந்து சேர்க்கறதுக்குள்ளதான் எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு!"