மூன்றாவது மூச்சு

"அம்மா, சாப்பிட்டியா?" என்று ஒடிலியா கேட்டாள்.

'சாப்பிட்டியா' என்று தொலைபேசிக்குள் யாரோ முணுமுணுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அம்மாவின் பதில் வந்தது. "ஆச்சு மவளே. பீன்ஸும் ரெண்டு சோள ரொட்டியும்."

ஒடிலியாவுக்குப் பிடரி சில்லிட்டது. ஊரில் மழை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். ஹூஸ்டனில் இவள் மூச்சு ஒன்று, எல் சால்வடோர் மலைப்பக்கத்து டெலிபோன் ஆபீசில் அம்மாவின் மூச்சு ஒன்று, நடுவில் மூன்றாவதாக இன்னொன்று. இவள் சொல்வதையெல்லாம் அது ஒருமுறை சொல்லிப் பார்க்கிறது.

"அம்மா, பக்கத்துல யாரு?"

'பக்கத்துல யாரு' என்றது அது.

"யாருமில்லையே. கண்ணாடிக் கூண்டுக்குள்ள நான் மட்டுந்தான் நிக்கிறேன்" என்று அம்மா கத்தினாள். இப்போதெல்லாம் அம்மா கத்தித்தான் பேசுகிறாள். லைன் சரியில்லை போலும்.

இவளோடு ஒரே அறையில் தங்கி, அதே ஹோட்டலில் படுக்கை விரிக்கும் மார்லெனிக்கு இதில் சந்தேகமே இல்லை.

"உங்கண்ணன்தான்டி அது. பொணம் கெடைக்காதவங்க வேற எங்க போவாங்க? ஒரு மெழுகுவத்தி ஏத்தி வெச்சு நீயே கேளு."

அண்ணன் லிசாந்த்ரோவை உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ராணுவம் பிடித்துக்கொண்டு போனது. ஊரில் எவனோ ஓர் ஆள்காட்டி அவன் பெயரைப் போய்ச் சொல்லியிருந்தான். யாரென்று இன்றுவரை தெரியாது. சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகியும் ஓர் எலும்புகூட வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு மெழுகுவத்தி எரிந்தது. ஒடிலியா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"லிசாந்த்ரோ, நீயா?"

இந்த முறை முணுமுணுப்பு வரவில்லை. யாரோ ஒரு விம்மலை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன மவளே, பேசாம நிக்கிற?" என்றாள் அம்மா. "ஏதாவது சொல்லேன்."

அண்ணன் பெயரைச் சொன்னால் அம்மா அழுவாள் என்றுதான் ஒடிலியா பயந்திருந்தாள். அம்மா அதைக் கேட்கவே இல்லை. நடுவில் இருந்தது மட்டும் கேட்டிருந்தது. அன்றைக்கு அவள் மெழுகுவத்தியை அணைக்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை, அந்த வாரம் ஊரிலிருந்து சீஸ் பொட்டலம் கொண்டுவந்த எவெலியோ மாமா சிரித்துக்கொண்டே நிரூபித்துவிட்டார்.

"பேயாவது பிசாசாவது! அது நொயெமி. டெலிபோன் ஆபீஸ்காரி. மத்தவங்க பேசுறப்ப லைனக் கொடுத்துட்டு ஸ்வெட்டர் பின்னுவா. உங்கம்மா பேசுறப்ப மட்டும் ஹெட்போனக் கழட்டவே மாட்டா. நானே ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"எதுக்கு மாமா?"

"எனக்கென்னம்மா தெரியும். அவ அப்பன் சண்டைக் காலத்துல ராணுவ முகாம்ல சமையக்காரன். அது மட்டும் தெரியும்."

இவ்வளவு போதாதா? பேயாக இருந்தால்கூட ஒடிலியா மன்னித்திருப்பாள். பயம் போன இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவள் அவள். ஒருமுறை ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. வாரம் ஒருமுறை கேட்கும் குரல்தான் அவளுக்கு அம்மா. அதையும் ஒருத்தி நடுவில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்பதா?

தலைநகரத்துத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"அந்த ஊர் ஆபரேட்டர் ஒட்டுக் கேக்குறா. எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு உயிர் இப்படித்தான் போச்சு."

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "விசாரிச்சு நடவடிக்கை எடுக்கிறோம். உங்க பேரு வெளிய வராதும்மா."

"நல்லாப் பண்ணின" என்றாள் மார்லெனி.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு. லைனைக் கொடுத்தது ஓர் ஆண் குரல். மூன்றாவது மூச்சு இல்லை. ஒடிலியாவுக்கு மலையை இறக்கி வைத்தது போலிருந்தது.

"அம்மா, இனிமே நிம்மதியாப் பேசலாம். சாப்பிட்டியா?"

அம்மாவின் மூச்சு மட்டும் வந்து வந்து போனது.

"அம்மா?"

"மவளே, நீ இருக்கியா?" அம்மாவின் குரல் காதைப் பிளந்தது. "இருப்பேன்னு நெனச்சுப் பேசுறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ புதுசா ஒருத்தன். இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கிறான்."

"இருக்கேன்மா. இருக்கேன்."

"உங்கிட்ட ஒண்ண மறைச்சுட்டேன். சண்டைல நம்ம ஊர்ல குண்டு விழுந்ததுலேர்ந்தே எனக்குக் காது மந்தம். இந்த மழையோட சுத்தமா அடைச்சுப்போச்சு. தெரிஞ்சா நீ வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவ, அப்புறம் திரும்பிப் போக வழியில்லாமப் போயிடும். அதான் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நொயெமிகிட்ட சத்தியம் வாங்கினேன். நீ பேசுறத அவ கேட்டுக் கேட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வாயசைச்சுச் சொல்லுவா. அதப் பாத்துத்தான் நான் பதில் சொல்லுவேன்."

"அம்மா, கேக்குதா?" ஒடிலியா கத்தினாள். பக்கத்து அறையில் சுவரைத் தட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை. "அம்மா!"

அம்மா பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"நேத்து அந்தப் பொண்ண வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. பேர் தெரியாத யாரோ மேல போய்ச் சொல்லிட்டாங்களாம். சண்ட முடிஞ்சுதுன்னு சொன்னாங்க மவளே. இந்த ஆள்காட்டிங்க மட்டும் இன்னும் நம்மள விடல."