பாதி மாத்திரை

காசிமேட்டில் வெயில் தணிகிறது. கவிழ்த்த அன்னக்கூடைமேல் உட்கார்ந்து, மார்புக் கட்டிக்கான மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்குகிறாள் கோவிந்தம்மா. பக்கத்தில், அவளோடு மீன் விற்கும் தேசம்மா. மீன் குழம்பைப் போலவே இந்த மாத்திரையையும் இருவரும் மாதக்கணக்கில் பங்குபோட்டுத் தின்றார்கள். “எனுக்கு வந்த அதே கட்டிதான, ஆஸ்பத்திரிக்கு இன்னாத்துக்கு அலையுற” என்று சொன்னவள் கோவிந்தம்மாதான். இன்று காலை டாக்டர் சொல்லிவிட்டார்: மாத்திரை போய்ப் பிடிக்கிற புரதம் கோவிந்தம்மாவின் கட்டியில் இருக்கிறது, தேசம்மாவின் கட்டியில் இல்லை. அது வேறு வகை, நுரையீரல்வரை போய்விட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. தேசம்மா பாட்டில் மூடியைத் திறந்து நீட்டுகிறாள். “இன்னா பாத்துகினு கீற, போடு. உனுக்காச்சும் கேக்குதே.” கோவிந்தம்மா குனிந்து பார்க்கிறாள். பழக்கதோஷத்தில் விரல்கள் மாத்திரையை இரண்டாக உடைத்துவிட்டிருக்கின்றன.